புகை இல்லாததை எப்படி வரைவது?

அந்த மனிதர் என் மேல் கோபப்பட்டிருந்தால் இதை எப்போதோ மறந்திருப்பேன். அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அதனால்தான் இரண்டு வருடமாகியும் மனதை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

காலநிலை மாற்றத்தைப் பற்றி, படம் வரையும் நண்பர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்திருந்தோம். மொத்தம் நாற்பது படங்கள் இருக்கும். என்னுடையவை ஆறு. அதில் பெரியது நான்கடி அகலம், அக்ரிலிக். பாளம் பாளமாக வெடித்த நிலம், நடுவில் ஒற்றைச் செருப்பு, குழந்தையுடையது. பின்னால் எரிந்துகொண்டிருக்கும் காடு. ஈரம் வற்றிய மண் விளிம்பில் ஓடு மாதிரி சுருண்டு எழும்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சுருளுக்கு அடியில் விழும் நிழலுக்கு மட்டும் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். படம் நன்றாக வந்திருந்தது. தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கலே அங்கேதான் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை ஒருவர் தன் மகளோடு வந்தார். ஏழு வயதிருக்கும். அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு என் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். காட்டைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. நேராகச் செருப்பைப் பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பாப்பா எங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"செத்துப் போச்சா?"

அவர் அவள் தோளில் கை வைத்து மெல்லத் திருப்பினார். "வாடா கண்ணு, அங்க வேற படம் இருக்கு பாரு" என்றார். சொல்லிவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் சுவரோரமாக நின்றிருந்ததால் அவர் கண்கள் போன வழி எனக்குத் தெரிந்தது. மூழ்கும் வீடு. எலும்பு தெரியும் கரடி. முகமூடி போட்ட கூட்டம். கருகிய மரம். ஒவ்வொன்றாகத் தொட்டு, தாண்டி, கடைசியில் வாசலில் போய் நின்றன. மகளை அழைத்துக்கொண்டு கிளம்பியவர் என்னைக் கடக்கும்போது, "ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க சார்" என்றார். உண்மையாகவே சொன்னார். அப்புறம் வெளியே போய்விட்டார்.

நாற்பது படங்கள். ஏழு வயதுக் குழந்தைக்குக் காட்ட ஒன்றுகூட இல்லை.

மணி அடித்தோம், சரி

அன்று இரவே இதை ஒரு நண்பனிடம் சொன்னேன். அவனும் அந்தக் கண்காட்சியில் படம் வைத்தவன்தான். "தீப்பிடிச்சா மணி அடிக்கணும்ல? நாம மணி அடிச்சோம். அவருக்குக் கேட்கப் பிடிக்கலைன்னா நாம என்ன செய்யறது?" என்றான். நானும் கொஞ்ச நாள் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படத்தான் வேண்டும். இன்றும் அந்தச் செருப்புப் படத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்த அப்பாவுக்குத் தீ தெரியாமல் இல்லையே. விடுமுறை நாளில் குழந்தையோடு இப்படி ஒரு கண்காட்சியைத் தேடி வருகிறவருக்கு மணிச் சத்தம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. அவர் தேடியது வாசலை. எங்கள் மண்டபத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வாசல், வெளியே போகிற வாசல்.

இந்த உறுத்தலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். 2015 டிசம்பரில் பாரிஸில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தபோது, அதையொட்டி நகரெங்கும் கலைப் படைப்புகள் வைக்கப்பட்டன. ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் கிரீன்லாந்துக் கடலில் மிதந்த பனிப்பாளங்களில் 12 கொண்டுவந்து, பாந்தியன் என்ற பழைய நினைவு மண்டபத்தின் முன்னால் கடிகார எண்களைப் போல வட்டமாக வைத்தார். ஜனங்கள் அவற்றைத் தொட்டார்கள், கன்னத்தை ஒட்டிப் பார்த்தார்கள், கட்டிக்கொண்டார்கள். பனி அவர்கள் கண்ணெதிரே உருகித் தரையில் ஓடியது. புகைப்படத்தில் பார்த்தாலே உள்ளங்கை சில்லென்று ஆகிற படைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தச் சமயத்தில் லாரா சோமர், கிறிஸ்டியன் க்ளோக்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட 37 படைப்புகளை எடுத்துக்கொண்டு, பார்க்க வந்த 874 பேரிடம் என்ன உணர்ந்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில்களை வைத்துப் படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பேரழிவைக் காட்டுபவை ஒரு வகை. இதமான கனவுலகம் காட்டுபவை இன்னொன்று. மனதில் பெரிதாக எதையும் கிளறாத புராணக் கதை போன்றவை மூன்றாவது. நான்காவது வகை, இயற்கையின் பேரழகோடு சேர்த்து ஒரு தீர்வையும் காட்டுபவை. மனதையும் யோசனையையும் அதிகம் அசைத்தது இந்த நான்காவது வகைதான்.

நான் இதைப் படித்தது நடுராத்திரியில். முதலில் மனது லேசானது, அப்புறம் கனத்தது. கனவுலகம் காட்டினாலும் போதாது என்றும் அதே முடிவு சொல்கிறதே. அழுகையை எடுத்துவிட்டுச் சிரிப்பை ஒட்டினால் வேலை முடிந்துவிடாது. சரி, தீர்வை வரைய வேண்டும். அது எப்படி இருக்கும்?

சிரிக்கும் குடும்பமும் காற்றாலையும்

அடுத்த இரண்டு மாதம் நான் வரைந்தவற்றை யாருக்கும் காட்டவில்லை. பசும்புல் மேடு. அதன் மேல் மூன்று காற்றாலைகள். கூரையில் சோலார் தகடு. சைக்கிளில் போகும் குடும்பம், நான்கு பேரும் சிரிக்கிறார்கள். வானம் ஒரே நீலம். எத்தனை முறை மாற்றி வரைந்தாலும் காப்பீட்டு விளம்பரம் மாதிரியே வந்தது. நிறத்தை மங்கலாக்கினேன், ஆட்களைச் சிறிதாக்கினேன், சிரிப்பைக் குறைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் அங்கே வாழவில்லை. ஒருவருக்கும் முழங்கால் வலி இல்லை, யாரும் வேலைக்குத் தாமதமாகக் கிளம்பவில்லை.

எங்கே தவறுகிறேன் என்பது பிடிபட நாளானது. நான் கருவியை வரைந்துகொண்டிருந்தேன். காற்றாலையும் சோலார் தகடும் கருவிகள். அவை வந்ததால் ஒருவருடைய நாளில் என்ன மாறியது என்பதை நான் வரையவேயில்லை. சரி, அதை வரையலாம் என்று உட்கார்ந்தால் இன்னும் பெரிய சிக்கல். மாறியது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நிலக்கரி எரிப்பது நின்றால் காற்றில் நுண்துகள் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வரவில்லை. மருத்துவமனைக்கு ஓடவில்லை. தெருவில் மரம் நின்றால் வெயிலில் யாரும் மயங்கி விழவில்லை. வெள்ளம் படுக்கையறைக்குள் வரவில்லை. எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. நன்மைகள் எல்லாமே நடக்காமல் போனவை. நடக்காததற்கு உருவம் ஏது? நிறம் ஏது?

அழிவுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. புகைக்கு உருவம் உண்டு, நெருப்புக்கு நிறம் உண்டு. ஓவியனின் கை இயல்பாகவே அங்கே போகிறது. இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1899 முதல் 1901 வரை பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே லண்டனுக்கு வந்து தேம்ஸ் நதிக்கரை ஹோட்டல் அறையிலிருந்து பாலங்களை வரைந்தார். மஞ்சளும் ஊதாவுமாக நதியின் மேல் கரைந்து கிடக்கும் அந்த மூட்டத்தை அவர் காதலித்தே வரைந்தார். அதில் பெரும்பகுதி நிலக்கரிப் புகை. ஆங்கில ஓவியர் டர்னர், மோனே இருவருடைய படங்களிலும் உருவங்களின் விளிம்பு மங்கிக்கொண்டே போவது, அந்தந்தக் காலத்தில் காற்றில் கூடிய மாசோடு ஒத்துப்போகிறது என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதே லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மெல்ல மெல்ல மூட்டம் விலகியது. மூட்டத்தை வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். மூட்டம் விலகியதை வரைந்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் நாக்கில் வருவதில்லை. ஒரு பெண் துவைத்த வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, மாலையில் அது வெள்ளையாகவே இருப்பதைப் பார்த்து ஒரு நொடி நின்றிருப்பாள் இல்லையா? அந்தப் படம் எங்கே?

நடக்காததைக் காட்டும் முயற்சிகள் விஞ்ஞானிகள் பக்கத்தில் இருக்கின்றன. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் 2009-இல் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். 2065-க்குள் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்று வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தவிர்க்கப்பட்ட உலகம்'. உருண்டையான பூமிப் படத்தில் வருடம் ஓட ஓட நிறம் மாறிக்கொண்டே போகும். நாம் வாழாமல் தப்பித்த உலகம் அது. இன்னொன்று, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2023 தொகுப்பறிக்கையில் வரும் ஒரு படம். எட் ஹாக்கின்ஸ் என்ற காலநிலை விஞ்ஞானி 2018-இல் பரப்பிய, வருடத்துக்கு ஒரு கோடாக நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் வெப்பப் பட்டைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பட்டைகளை 2100 வரை நீட்டி, பக்கத்தில் 1950, 1980, 2020-இல் பிறந்த மூன்று பேரின் வாழ்நாளை வைத்திருக்கிறார்கள். 2020-இல் பிறந்த குழந்தைக்கு 2090-இல் எழுபது வயது. அந்த எழுபது வயது உருவத்தின் நிறம், நாம் இப்போது என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை மாறுகிறது. நான் அதை முதலில் பார்த்தபோது கருஞ்சிவப்பைப் பார்க்கவில்லை. இரண்டு நிறங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தேன். அந்தத் தூரம்தான் நன்மை. அதை என்னால் வரைய முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கரியும் ரப்பரும்

வழி கிடைத்தது தற்செயலாக. பெயின்ட்டைப் பார்க்கவே வெறுத்துப்போய், ஒரு ராத்திரி பழைய பெட்டியிலிருந்து கரிக்குச்சிகளை எடுத்தேன். வில்லோ மரத்தின் மெல்லிய சுள்ளிகளைக் காற்றுப்படாமல் சுட்டு எடுக்கும் கரி அது. கையில் எடை தெரியாது, கொஞ்சம் அழுத்தினால் ஒடியும். ஒரு தெருவை வரையத் தொடங்கி, கெட்டுப்போய், எரிச்சலில் குச்சியைப் படுக்கவைத்துத் தாள் முழுவதையும் தேய்த்துக் கறுப்பாக்கிவிட்டேன். பழந்துணியால் துடைத்தபோது கரி தாளின் நாருக்குள் இறங்கிச் சாம்பல் கலந்த ஒரு கறுப்பாகப் பரவியது. மோனேயின் மூட்டத்தில் நிறத்தை எடுத்துவிட்டால் அப்படித்தான் இருக்கும்.

பிசையும் ரப்பர் ஒன்று உண்டு, மாவு மாதிரி உருட்டிக் கூராக்கிக்கொள்ளலாம். யோசிக்காமல் அதை எடுத்துத் தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். கறுப்பிலிருந்து வெள்ளைக் கோடு வந்தது. இன்னொரு கோடு. ஒரு ஜன்னலின் பக்கச் சட்டம் போலத் தெரிந்தது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ரப்பரை மடித்துப் புதுமுனை எடுத்து, கதவு ஒன்றைத் திறந்தபடி இழுத்தேன். உள்ளே ஒரு திரைச்சீலை, காற்றில் கொஞ்சம் உப்பி. அதற்கும் உள்ளே கட்டில் விளிம்பு, ஒரு சிறிய பாதம், போர்வைக்கு வெளியே.

அதுவரை நான் தாளில் எதையோ சேர்த்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போது எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்க எடுக்க அறை வந்தது. எடுக்கும் பொருளோ கார்பன், எரித்து வந்த அதே கரி. நான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். பரபரப்பான சாலையைப் பார்த்த தரைத்தள வீடு, ராத்திரி, ஜன்னல் திறந்திருக்கிறது, குழந்தை தூங்குகிறது. அவ்வளவுதான் படம். ஆனால் சாலை ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. விரிசலில்கூடத் துணியைச் செருகி வைப்பார்கள். திறந்த ஜன்னலே ஒரு செய்தி. காற்றாலை இல்லை, சோலார் தகடு இல்லை, யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் எது இல்லையோ அதுதான் படத்தின் விஷயம். எது இல்லை என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது, ஏனென்றால் கரியை எவ்வளவு அழுத்தி எடுத்தாலும் தாள் பழையபடி வெள்ளையாவதில்லை. நாருக்குள் ஒரு சாம்பல் தங்கிவிடுகிறது. முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதை அது மறக்க விடுவதில்லை.

விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. அந்த அப்பா இப்போது வந்தால் குழந்தையைத் திருப்ப வேண்டியதில்லை என்று தோன்றியது. குழந்தை "அந்தப் பாப்பா என்ன பண்ணுது?" என்று கேட்டால் "தூங்குதும்மா" என்று சொல்லலாம்.

இப்படி அழித்து வரைகிறவர்கள் எனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள், அதுவும் தாளில் இல்லை, தெருவில். சாவோ பாவ்லோவில் ஒரு வாகனச் சுரங்கப்பாதையின் சுவர்கள் வண்டிப் புகையால் கன்னங்கறுப்பாகக் கிடந்தன. 2006-இல் அலெக்ஸாந்த்ரே ஓரியோன் என்ற கலைஞர் ராத்திரிகளில் போய், துணியால் அந்தக் கரியைத் துடைத்துத் துடைத்தே ஆயிரக்கணக்கான மண்டை ஓடுகளை வரைந்தார். போலீஸ் வந்து நின்றது, ஆனால் சுவரைச் சுத்தம் செய்வது குற்றமில்லையே. கடைசியில் நகர நிர்வாகமே தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் பால் கர்ட்டிஸ் அதே முறையில் ஒரு சுரங்கப்பாதைச் சுவரில் அழுக்கை நீக்கி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளையும் மரங்களையும் நீளமாக வரைந்தார். ஒருவர் கரியை விலக்கி மரணத்தைக் காட்டினார், ஒருவர் கரியை விலக்கிக் காட்டைக் காட்டினார். இரண்டு சுவர்களின் படங்களையும் என் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலாவது என்னை உலுக்குகிறது. இரண்டாவதைப் பார்க்கும்போது கைக்கு ஒரு துணி வேண்டும் போலிருக்கிறது.

ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் செய்ததும் ஒரு விதத்தில் எடுப்பதுதான். 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் அருங்காட்சியகத்தின் முன்னால் 7000 கருங்கல் தூண்களைக் குவித்தார். ஊரில் எங்காவது ஒரு மரம் நட்டால் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அந்த மரத்தின் பக்கத்தில் நடலாம். மரம் நடாமல் கல் நகராது. அழகான சதுக்கத்தின் நடுவில் கற்குவியல் கிடப்பது பலருக்குப் பிடிக்கவில்லை, திட்டினார்கள். குவியலைக் குறைக்க ஒரே வழி மரம் நடுவதுதான். 1986-இல் பாய்ஸ் இறந்துபோனார். அடுத்த வருடம் அவர் மகன் கடைசி மரத்தை நட்டபோது சதுக்கம் காலியாகிவிட்டது. அந்தக் காலி இடத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அங்கே நின்ற யாருக்கும் ஒரு கல்கூட இல்லை என்பதன் அர்த்தம் தெரிந்திருக்கும். ஊருக்குள் 7000 மரங்கள்.

என் சந்தேகமும் சொல்லிவிடுகிறேன்

படம் வரைந்தால் ஜனங்கள் மாறிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. 2017-இல் மைக்கேல் பின்ஸ்கி என்ற கலைஞர் நார்வேயில் ஐந்து குமிழ்க் கூடாரங்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் காற்று, உடம்புக்குக் கெடுதல் இல்லாத பொருட்களால் செயற்கையாக உண்டாக்கியது. லண்டன், டெல்லி, சாவோ பாவ்லோ, பெய்ஜிங், அப்புறம் நார்வேயிலேயே இருக்கும் தௌத்ரா என்ற தீவின் சுத்தமான காற்று. பார்வையாளர்களின் மனதில் ஏதாவது மாறுகிறதா என்று ஆராய்ந்தார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சம் கூடியிருந்தது. சோகமும் கோபமும் உணர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. ஆனால் தன் கார்பன் உமிழ்வைத் தானே கணக்கு வைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுத்தபோது, பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அந்தக் கூடாரங்களால் தாண்ட முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால், சோகமும் கோபமும் வேலை செய்திருக்கிறதே, உன் ஜன்னல் படம் எதற்கு என்று என் நண்பன் கேட்கலாம், கேட்டான். நான் சொன்னது இது. அந்த ஐந்தில் ஒன்று தௌத்ரா. சுத்தமான காற்றை முகர்ந்தவனுக்குத்தான் மற்றது நாற்றம் என்று தெரியும். வித்தியாசத்தை உடம்பால் உணர்த்துவதற்கு நல்லது என்ற ஒரு கூடாரம் அங்கே வேண்டியிருந்தது. எங்கள் மண்டபத்தில் அந்த ஒரு கூடாரம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. காலநிலைக்காக எதைச் செய்தாலும் பலன் பேரப்பிள்ளைகளுக்குத்தான் என்று பேசிப் பழகிவிட்டோம். வெப்பநிலையைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது, கார்பன் டை ஆக்ஸைடு வளிமண்டலத்தில் நூற்றாண்டுகள் தங்கும். ஆனால் அதே புகைபோக்கியிலிருந்து வரும் நுண்துகள்கள் காற்றில் நாட்கணக்கில், அதிகம் போனால் சில வாரம்தான் இருக்கும். அடுப்பை அணைத்தால் மழையோடு அவை இறங்கிவிடும். உலகில் 99 சதவீதம் பேர் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டிய மாசுள்ள காற்றைத்தான் சுவாசிக்கிறோம். காற்று மாசால் வருடத்துக்கு சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்குதான். இது எல்லாம் குறைவது நம் காலத்திலேயே, நம் நுரையீரலிலேயே தெரியும். இந்தச் செய்தி ஏன் இன்னும் எல்லோருடைய வாயிலும் இல்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வரைபடத்தில் போட்டால் ஒரு கோடு இறங்குகிறது. அந்தக் கோட்டுக்குள் எத்தனை திறந்த ஜன்னல்கள்!

காது

ஒன்பது கரிப் படங்கள் சேர்ந்ததும் இன்னொரு கூட்டுக் கண்காட்சியில் வைத்தேன். ஜன்னல் படத்தைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், குழந்தையின் கண்ணுக்கு நேராக மாட்டினேன். அந்த அப்பாவும் மகளும் வரவில்லை. வருவார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, இருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பலர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவர் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டார். என் நண்பன், "கோபம் குறைஞ்சிருச்சு உனக்கு" என்றான். கொஞ்சம் வலித்தது, உண்மையா என்று வீடு வரை யோசித்துக்கொண்டே போனேன்.

கடைசி நாள் ஒருவர் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஒரு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பஸ் நிறுத்தம், பின்னால் பஸ்ஸின் பக்கவாட்டு பாதி தெரிகிறது, முன்னால் ஒரு அம்மாவும் பையனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"எலக்ட்ரிக் பஸ்தானே சார் இது?"

பஸ்ஸில் அப்படி எந்த அடையாளமும் நான் போட்டிருக்கவில்லை. "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"அந்தம்மா கத்தாம பேசுது."

அவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் டீசல் பஸ். சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்ஜின், மூடி கொதிக்கும், இடது கால் எப்போதும் வெந்துகொண்டிருக்கும் என்றார். "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயி படுத்தாலும் காதுக்குள்ள அது ஓடிக்கிட்டே இருக்கும் சார்." ஒன்றரை வருடமாக எலக்ட்ரிக் பஸ் ஓட்டுகிறார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கால் சுடுவதில்லை என்பார், புகை இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிவி சத்தத்தை முப்பதுல வைப்பேன். இப்ப பதினாலு. எனக்கே தெரியல, எம் பொண்ணுதான் கவனிச்சுச் சொன்னா. 'அப்பா, இப்பல்லாம் நீ மெதுவா பேசுற'ன்னா" என்றார். அப்புறம், "இதையெல்லாம் யார்கிட்ட சொல்றது? யாரும் கேட்டதில்ல" என்றார்.

முப்பதிலிருந்து பதினான்கு. எந்த அறிக்கையிலும் அந்த எண் வராது. பஸ்ஸுக்கு வரும் மின்சாரம் எதை எரித்து வருகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒரு அப்பாவின் குரல் தணிந்திருக்கிறது, மகளுக்கு அது கேட்டிருக்கிறது.

இப்போது அவருடைய காதை வரைந்துகொண்டிருக்கிறேன். பெரிய தாள், முழுக்கக் கரி, நடுவில் காது மட்டும். முதல் மூன்று தாள்கள் சரிவரவில்லை. மடலின் உட்சுருளில் ரப்பர் நுழைய மாட்டேன் என்கிறது, அழுத்தினால் தாள் பிய்கிறது. ரப்பரை நூல் மாதிரி திரித்துப் பார்த்தேன், ஒரு தீக்குச்சியின் முனையில் சுற்றிப் பார்த்தேன், அதில் கொஞ்சம் வருகிறது. காதோரத்து நரைமுடியை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்கார்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.